பில் தாள் இரண்டு துளை நழுவுகிறது: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அமைப்பை யுட்டிலிட்டி கொண்டு மாற்றுவது எப்படி?

மஞ்சள்மண்டிக் கணக்கர், ஈரோடு (திங்கள், காலை 10.40)

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பில் நிரல் டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்புரோவில் எழுதியது. எழுதித் தந்தவர் இப்போது இத்தொழிலில் இல்லை. 10 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள, கடையின் பெயரும் கட்டங்களும் முன்பே அச்சிட்ட மூன்று படித் தொடர்தாளில் நாளொன்றுக்கு நூற்றைம்பது பில் வரை போடுகிறோம். வாங்குபவருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, நமக்கு ஒன்று என மூன்று படிகளும் ஒரே அடியில் விழ வேண்டியிருப்பதால் லேசர் பிரிண்டருக்கு மாறவில்லை.

பழைய பிரிண்டரின் தலையில் இரண்டு ஊசிகள் முறிந்துவிட்டதால், சென்ற வாரம் வேறோர் அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்த 9 ஊசி கொண்ட, வரிக்கு 80 எழுத்து அடிக்கும் பிரிண்டர் ஒன்றை விலைக்கு வாங்கினோம். எழுத்து நல்ல கருப்பாக விழுகிறது. ஆனால் முதல் பில் மட்டுமே சரியாக வருகிறது. இரண்டாம் பில்லில் சரக்கு விவரம் வரை ஒழுங்காக அடித்துவிட்டு, திடீரென்று ஓர் இடைவெளி விட்டு மீதியை அடிக்கிறது. மொத்தத் தொகையும் கையொப்ப இடமும் மூன்றாம் தாளின் தலையில் போய் விழுகின்றன. அதன்பிறகு எல்லாமே நழுவல்தான். ஓரத் துளைகளை வைத்து அளந்தேன். இடைவெளி சரியாக இரண்டு துளை.

இன்னொன்று, மாலையில் எடுக்கும் நாள்வழி அறிக்கையில் கட்டம் கட்டும் கோடுகள் வர வேண்டிய இடத்தில் சாய்ந்த ஆங்கில 'டி' எழுத்து வரிசையாக வருகிறது. செங்குத்துக் கோடு வர வேண்டிய இடத்தில் சாய்ந்த 3. பிரிண்டரைப் பலமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மாற்றம் இல்லை. அமைப்பை மாற்ற யுட்டிலிட்டி என்று கணினியில் ஓடும் ஒரு சிறு நிரல் உண்டு என்கிறார்கள். தெரிந்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். இரண்டு நாளாகப் பில்லைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பிரிண்டர் பழுதுபார்ப்பவர், மதுரை (திங்கள், காலை 11.25)

வணக்கம் ஐயா. நீங்கள் துளையை எண்ணிச் சொன்னதே பாதி வேலையை முடித்துவிட்டது. தொடர்தாளின் ஓரத்தில் துளைக்குத் துளை அரை அங்குலம். ஆகவே உங்கள் இடைவெளி ஓர் அங்குலம். அங்குலத்துக்கு 6 வரி என்ற கணக்கில் 6 வரிகள்.

உங்கள் பில் 6 அங்குலம், அதாவது 36 வரி. முதல் பில்லின் 36 வரியோடு, இரண்டாம் பில்லில் எத்தனையாவது வரிக்குப் பிறகு இடைவெளி விழுகிறது என்பதைக் கூட்டிப் பாருங்கள். 24 என்று வந்தால், மொத்தம் 60. பிரிண்டர் தன் நினைவில் பக்க நீளத்தை 11 அங்குலம், அதாவது 66 வரி என்று வைத்திருக்கிறது; அதோடு 'மடிப்பைத் தாண்டு' என்ற அமைப்பும் திறந்திருக்கிறது. இது 60 வரி அடித்ததும், தாளின் கிழிமடிப்பில் எழுத்து விழக்கூடாது என்பதற்காகக் கடைசி 6 வரிகளைத் தாண்டிவிடும். உங்கள் மடிப்பு அங்கே இல்லை என்பது பிரிண்டருக்குத் தெரியாது.

என் கணக்கு சரியென்றால் அடுத்த தாண்டல் நான்காம் தாளில் 18 வரி உயரத்துக்குக் கீழே விழுந்திருக்க வேண்டும். கிழித்துப் போட்ட தாள்கள் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சள்மண்டிக் கணக்கர், ஈரோடு (திங்கள், நண்பகல் 12.10)

ஐயா, இரண்டாம் பில்லில் 24 வரிக்குப் பிறகுதான். நான்காம் தாளையும் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மேலிருந்து 3 அங்குலத்தில் இடைவெளி தொடங்குகிறது, அதாவது 18 வரி. என் மேசையில் கிடக்கும் தாளை மதுரையிலிருந்து பார்த்ததுபோல் சொல்லிவிட்டீர்கள், மிக்க நன்றி. இனி இதை எங்கே மாற்றுவது? பில் போடும் கணினி பழையது. அதில் பேரலல் கேபிள்தான், இணைய வசதியும் இல்லை.

பழைய நிரலாளர், கோவை (திங்கள், பிற்பகல் 2.05)

மதுரை நண்பரின் விடையோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இந்தக் குழப்பம் எங்கு பிறக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான இடத்தில் கை வைக்க முடியும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அமைப்பு மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, பிரிண்டரின் உள்ளேயே இருக்கும், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம். இரண்டு, விண்டோஸில் இருந்து பிரிண்டரை இயக்கும் டிரைவர் என்ற நிரல். மூன்று, அச்சிடும் நிரல் எழுத்துகளோடு சேர்த்து அனுப்பும் கட்டளை எண்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கடைசியில் வந்து சேர்ந்த கட்டளையே நடக்கும். உங்கள் டாஸ் நிரல் விண்டோஸ் டிரைவரைத் தொடுவதே இல்லை. பக்க நீளம் பற்றி அது எந்தக் கட்டளையும் அனுப்பவில்லை என்பதும் தெரிகிறது. அதனால்தான் பிரிண்டர் முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப்போன அமைப்பிலேயே ஓடுகிறது. அணைத்துப் போட்டால் போகாததற்கும் இதுவே காரணம்.

சாய்ந்த 'டி' எழுத்தின் கதையும் இதுதான். படுக்கைக் கோட்டுக்கு உங்கள் நிரல் அனுப்பும் எண் 196. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்வது எழுத்து அட்டவணை; ஐபிஎம் கணினிகளின் 437ஆம் எழுத்து அட்டவணையில் 196 என்பது கோடு. ஆனால் எப்சன் நிறுவனத்தின் வழிவந்த பிரிண்டர்களில் 'இட்டாலிக்' என்று ஓர் அட்டவணையும் உண்டு. அதில் 128க்கு மேற்பட்ட இடங்களில் கோடுகள் இருக்காது, முதற்பாதி எழுத்துகளின் சாய்வு வடிவங்களே இருக்கும். 196இல் 128 போக 68, அது 'டி'. செங்குத்துக் கோட்டின் எண் 179, 128 போக 51, அது 3. உங்கள் அறிக்கைத் தலைப்பின் கீழ் இரட்டைக் கோடு இருந்திருந்தால் அங்கே சாய்ந்த 'எம்' வரிசையாக வந்திருக்கும், ஏனெனில் 205இல் 128 போக 77. யுட்டிலிட்டியில் எழுத்து அட்டவணையை பிசி 437 என்று மாற்றினால் கோடுகள் அத்தனையும் திரும்பிவிடும்.

1980இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 காலத்துப் பிரிண்டர்களில் இத்தகைய அமைப்புகள் பலவற்றுக்கு டிப் சுவிட்ச் என்ற சிறு பொத்தான் வரிசை இருக்கும். பேனா முனையால் தள்ளி மாற்றுவோம். உங்கள் பழைய பிரிண்டரில் யாரோ எப்போதோ சரியாகத் தள்ளிவைத்தது இத்தனை ஆண்டும் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

பிரிண்டர் பழுதுபார்ப்பவர், மதுரை (திங்கள், மாலை 4.30)

கோவை ஐயா விளக்கியதற்கு நன்றி. இனிச் செய்முறை.

அமைப்பு பிரிண்டருக்குள் பதிவதால், அதை மாற்றும் கணினியும் பில் போடும் கணினியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிரிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய் விண்டோஸ் உள்ள வேறு கணினியில் யுஎஸ்பி கேபிளால் நேரடியாக இணையுங்கள். யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் வேண்டாம். அதன் வழியாக அச்சு போகும், ஆனால் யுட்டிலிட்டி கேட்கும் கேள்விக்குப் பிரிண்டரின் பதில் பல வேளைகளில் திரும்பி வராது. வலைப்பின்னலில் பகிர்ந்த பிரிண்டராக வைத்தும் முயல வேண்டாம்.

எதையும் மாற்றும் முன், இப்போதைய நிலையைத் தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் எந்தக் கடைக்குப் போனாலும் விடுவதில்லை. அமைப்பு நிரல்களில் நடப்பு அமைப்பைப் படித்துக் காட்டும் வசதி இருக்கும். திரையில் வந்ததைக் கையால் எழுதிக்கொண்டாலும் போதும். பிறகு ஒன்று தவறாகப் போனால் திரும்பி வர ஓர் இடம் வேண்டும்.

டிரைவரை நிறுவிய பின், பிரிண்டரின் மாதிரி எண்ணுக்கு உரிய யுட்டிலிட்டியைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுத்து நிறுவுங்கள். எப்சன் எல்எக்ஸ்-310, எல்க்யூ-310 வகைகளுக்கு உள்ள நிரலை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றில் பெயர்கள் சற்று மாறும். தொடர்தாளுக்கான பக்க நீளம் என்று ஒரு பட்டியல் வரும்: 3, 3.5, 4, 5.5, 6, 7, 8, 8.5, 11, 70/6, 12, 14, 17 அங்குலம். உங்கள் பில்லுக்கு 6ஐத் தேர்ந்தெடுங்கள். இதில் 70/6 என்பதைக் கவனியுங்கள். அது 70 வரி, ஏறக்குறைய ஏ4 தாளின் நீளம். 12ஐத் தொடப்போய்க் கை தவறி அதைத் தொட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக்கு 2 வரி வீதம் மெல்ல நழுவி, பத்தாவது பக்கத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

'மடிப்பைத் தாண்டு' என்பதை மூடுங்கள். எழுத்து அட்டவணையை பிசி 437 ஆக்குங்கள். யுஎஸ்பி, பேரலல் இரண்டும் இருப்பதால் இணைப்பு வகையைத் தானியங்கி என்றே விடுங்கள். வேறெதையும் தொட வேண்டாம். அமைப்பை அனுப்பி, பிரிண்டரை அணைத்து, சில வினாடிகள் பொறுத்து மீண்டும் போடுங்கள். பிறகு நடப்பு அமைப்பை மறுபடி படித்து, பதிந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூட்டுறவுச் சங்க எழுத்தர், தஞ்சாவூர் (திங்கள், மாலை 5.15)

ஒரு சந்தேகம் ஐயா. எங்கள் சங்கத்தில் பில் போடுவது விண்டோஸ் நிரலில். பிரிண்டரில் 6 அங்குலம் என்று வைத்த பிறகும் தாள் 11 அங்குலம் ஓடுகிறது. யுட்டிலிட்டி பதியவில்லையா?

பழைய நிரலாளர், கோவை (திங்கள், மாலை 5.40)

பதிந்திருக்கும் அம்மா. உங்களுக்குச் சிக்கல் இரண்டாம் இடத்தில், அதாவது டிரைவரில். விண்டோஸ் நிரல் அச்சிடும்போது டிரைவர் தன்னிடம் உள்ள தாள் அளவைக் கட்டளையாக அனுப்பிப் பிரிண்டரின் நினைவில் உள்ளதை அந்த அச்சுவேலைக்கு மட்டும் மாற்றிவிடுகிறது. விண்டோஸில் பிரிண்டர்கள் பட்டியலுக்குப் போய், உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் மேலே 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' என்று வரும். அங்கே புதிய தாள் ஒன்றை உருவாக்கி, அகலம் 10, உயரம் 6 அங்குலம் என்று கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் நுழைந்தால்தான் இது முடியும். பிறகு டிரைவரிலும், பில் நிரலின் அச்சு அமைப்பிலும், அந்தப் பெயருள்ள தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் 11 அங்குலமே ஓடும்.

கூட்டுறவுச் சங்க எழுத்தர், தஞ்சாவூர் (திங்கள், மாலை 6.20)

டிரைவரில் மட்டும் மாற்றினேன், நகரவில்லை. நிரலிலும் மாற்றிய பிறகு சரியாகிவிட்டது. மிக்க நன்றி ஐயா.

மஞ்சள்மண்டிக் கணக்கர், ஈரோடு (செவ்வாய், காலை 11.00)

நேற்று இரவு என் மகனுடைய மடிக்கணினியில் இணைத்து, நீங்கள் சொன்னபடி செய்தேன். நாள்வழி அறிக்கையில் கோடுகள் வந்துவிட்டன, தாண்டலும் நின்றுவிட்டது. ஆனால் இப்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விழுகிறது. ஒரு பில் இரண்டு தாளுக்கு நீளுகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பட்டியலில் 'ஆட்டோ லைன் ஃபீட்' என்று ஒன்று இருந்தது. வரி தானாக நகர்வது நல்லதுதானே என்று நினைத்து அதையும் திறந்துவிட்டேன்.

பழைய நிரலாளர், கோவை (செவ்வாய், காலை 11.20)

அதை மூடிவிடுங்கள், சரியாகிவிடும். உங்கள் நிரல் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு எண்களை அனுப்புகிறது: 13 என்பது தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவரும், 10 என்பது தாளை ஒரு வரி நகர்த்தும். ஆட்டோ லைன் ஃபீட் திறந்திருந்தால் 13 வந்ததுமே பிரிண்டர் தானாகவும் ஒரு வரி நகர்த்தும். பிறகு 10 வந்து மறுபடியும் நகர்த்தும். 13 மட்டும் அனுப்பும் நிரல்களுக்காக வைத்த அமைப்பு அது; அத்தகைய நிரலுக்கு இதை மூடி வைத்தால் எல்லா வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் அடித்துத் தாள் கிழியும்.

நிரல் எதை அனுப்புகிறது என்று ஐயம் வந்தால் ஊகிக்கத் தேவையில்லை. எப்சன் வகைகள் பலவற்றில் எல்எஃப்/எஃப்எஃப், லோடு/எஜெக்ட் ஆகிய இரு பொத்தான்களையும் அழுத்திக்கொண்டே பிரிண்டரைப் போட்டால், அடுத்து வரும் எல்லாவற்றையும் எண் வடிவிலேயே அச்சிட்டுக் காட்டும். நான் எழுதிய நிரல்களில் பிழை தேடிய நாட்களில் இந்தத் தாளைவிட நம்பகமான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

பழைய நிரலாளர், கோவை (செவ்வாய், நண்பகல் 12.05)

ஒரு விஷயத்தில் மதுரை நண்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் இல்லை. அமைப்பைப் பிரிண்டரின் நினைவில் மட்டும் வைப்பது போதாது என்பது என் எண்ணம். இந்தப் பிரிண்டரும் ஒருநாள் பழுதாகும். அடுத்து வருவது வேறு யாருடைய அமைப்போடோ வரும். ஈரோட்டு ஐயா மறுபடியும் இரண்டு நாள் கையால் பில் எழுதுவார். கட்டளை எண்கள் நிரலோடு சேர்ந்து போனால் எந்தப் பிரிண்டர் வந்தாலும் ஒரே மாதிரி ஓடும். 27, 79 என்ற இரண்டு எண்கள் மடிப்பைத் தாண்டுவதை நிறுத்தும். 27, 67, 0, 6 என்ற நான்கு எண்கள் பக்க நீளத்தை 6 அங்குலம் ஆக்கும். இவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி, பில் நிரலைத் தொடங்கும் பேட்ச் கோப்பிலேயே (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) அது முதலில் பிரிண்டருக்குப் போகுமாறு ஒரு வரி சேர்த்தால் போதும். நிரலின் மூலத்தைத் தொட வேண்டியதே இல்லை.

பிரிண்டர் பழுதுபார்ப்பவர், மதுரை (செவ்வாய், பிற்பகல் 1.30)

ஐயா சொல்வது நியாயம். ஆனால் கடைகளில் நான் பார்ப்பது வேறு. காலையில் பேட்ச் கோப்பு எண்களை அனுப்பிவிடும். பதினோரு மணிக்குத் தாள் சிக்கும். பையன் பிரிண்டரை மட்டும் அணைத்து, தாளை எடுத்துவிட்டு மறுபடி போடுவான். கணினியில் பில் நிரல் ஓடிக்கொண்டே இருப்பதால் பேட்ச் கோப்பு மறுபடி ஓடாது. பிரிண்டரோ தன் நினைவில் உள்ள பழைய அமைப்புக்குத் திரும்பியிருக்கும். வெளியே லாரி நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் பில் நழுவத் தொடங்கும். காரணம் யாருக்கும் விளங்காது. ஆகவே நினைவகத்தை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதற்கு மேல் எண்களையும் அனுப்பினால் நல்லதே.

மஞ்சள்மண்டிக் கணக்கர், ஈரோடு (செவ்வாய், மாலை 3.45)

ஆட்டோ லைன் ஃபீட்டை மூடிவிட்டேன். பில் சரியாக வருகிறது. ஒரு கேள்வி. நாள்வழி அறிக்கைக்கு 12 அங்குலத் தாள் போடுகிறோம். நினைவகத்தில் 6 என்று வைத்திருக்கிறேன். அறிக்கையின் கடைசிப் பக்கம் மட்டும் பாதித் தாளிலேயே நின்றுவிடுகிறது. மற்ற பக்கங்கள் சரியாக இருக்கின்றன.

பழைய நிரலாளர், கோவை (செவ்வாய், மாலை 4.10)

அறிக்கை ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் 'அடுத்த தாளுக்குப் போ' என்று 12 என்ற எண்ணை அனுப்புகிறது. நிறைந்த பக்கத்தில் 36 வரியைத் தாண்டிவிடுவதால், அடுத்த 6 அங்குல எல்லையும் உண்மையான தாளின் முடிவும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. கடைசிப் பக்கத்தில் இருபது வரிதான் இருந்தால் பிரிண்டர் 6 அங்குலத்திலேயே தாள் முடிந்ததாக நினைக்கிறது. நாளுக்கு நூற்றைம்பது முறை ஓடுவது பில். ஒரு முறை ஓடுவது அறிக்கை. ஆகவே நினைவகத்தில் 6 இருக்கட்டும். அறிக்கைக்கு முன் 27, 67, 0, 12 என்ற எண்கள் போகுமாறு ஒரு தனிக் கோப்பும், முடிந்ததும் 6க்குத் திருப்ப இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கவனம்: இந்தக் கட்டளை வரும்போது தாள் எங்கே நிற்கிறதோ அதையே தாளின் தலை என்று பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். தாளைச் சரியாக ஏற்றிய பிறகே அனுப்ப வேண்டும்.

மஞ்சள்மண்டிக் கணக்கர், ஈரோடு (புதன், காலை 9.50)

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோடுகள் வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது: செங்குத்துக் கோடு நேராக இல்லை. ஒரு வரியில் சற்று இடப்பக்கம், அடுத்த வரியில் சற்று வலப்பக்கம் என்று பல் பல்லாக இருக்கிறது. தவிர, பில்லின் முதல் வரி முன்பே அச்சிட்ட கோட்டின்மேல் லேசாக உரசுகிறது.

பிரிண்டர் பழுதுபார்ப்பவர், மதுரை (புதன், காலை 10.30)

முதலாவது, இருதிசை அச்சின் விலகல். தலை இடமிருந்து வலமாகப் போகும்போதும் திரும்பி வரும்போதும் அடிக்கிறது. பழகிய இயந்திரத்தில் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் விழாது. யுட்டிலிட்டியிலோ பிரிண்டரின் பொத்தான்களைக் கொண்டோ இருதிசைச் சீரமைப்பைத் தொடங்கினால், எண்ணிட்ட சில கோட்டு வரிசைகளை அச்சிட்டுக் காட்டும். எந்த எண்ணில் கோடு உடையாமல் நேராக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். ஒற்றைத்திசை அச்சு என்று மாற்றினாலும் கோடு நேராகும், ஆனால் வேகம் குறையும். உங்கள் மண்டிக்கு அது ஒத்துவராது. சீரமைப்புக்கு முன், தாள் கனத்துக்கான நெம்புகோலை மூன்று படிக்கு உரிய இடத்தில் வைத்து, மூன்று படித் தாளையே ஏற்றிச் சோதியுங்கள். ஒற்றைத் தாளில் சீரமைத்துவிட்டு மூன்று படியில் ஓட்டினால் மறுபடி விலகும்.

இரண்டாவதுக்கு யுட்டிலிட்டி தேவையில்லை. தாளை ஏற்றி, பாஸ் பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் அதன் விளக்கு மினுக்கத் தொடங்கும். அப்போது எல்எஃப்/எஃப்எஃப், லோடு/எஜெக்ட் பொத்தான்கள் தாளை மிக நுண்ணிய அளவில் முன்னும் பின்னும் நகர்த்தும். 9 ஊசிப் பிரிண்டரில் ஒரு நகர்வு 1/216 அங்குலம். முதல் வரி கட்டத்தின் நடுவில் உட்காரும் வரை நகர்த்தி, பாஸ் பொத்தானை மறுபடி அழுத்தி முடியுங்கள்.

மஞ்சள்மண்டிக் கணக்கர், ஈரோடு (வியாழன், இரவு 8.15)

இன்று 132 பில் போட்டோம். கடைசிப் பில்லையும் முதல் பில்லையும் துளையோடு துளை பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். கையொப்ப இடத்தின் மேல் இருக்கும் 'மொத்தம்' என்ற சொல் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே பொருந்தியிருக்கிறது. நடுவில் ஒருமுறை தாள் சிக்கிப் பிரிண்டரை அணைத்துப் போட்டோம், அப்போதும் நழுவவில்லை. கோவை ஐயா சொன்ன பேட்ச் கோப்பையும் சேர்த்துவிட்டேன்.

அமைப்பை எழுதிப் பிரிண்டரின் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அதே வகைப் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று இங்கேயும் தருகிறேன்: தொடர்தாள் பக்க நீளம் 6 அங்குலம், மடிப்பைத் தாண்டுதல் மூடியது, ஆட்டோ லைன் ஃபீட் மூடியது, எழுத்து அட்டவணை பிசி 437, அச்சுத் திசை இருதிசை, இணைப்பு தானியங்கி, தாள் கனம் மூன்று படி.